ஒரு வீடு குறைகிறது

ஆராய்ச்சிப் பட்டம் வாங்குகிறவர்களில் நிறையப் பேருக்கு அவர்களுடைய கணக்கை வேறு யாரோதான் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த வேறு யாரோ நான். காரவள்ளியில், மலை ரோடு ஏறத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இந்தத் தொழிலைப் பல வருஷமாகச் செய்கிறேன். சேலத்திலிருந்தும் நாமக்கல்லிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், பென் டிரைவை நீட்டுவார்கள். நான் சாஃப்ட்வேரில் போட்டு ஓட்டி, அட்டவணையைப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். கையில் வாங்கியதும் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பார்ப்பார்கள். எண்ணுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் விழுந்திருக்கிறதா?

நட்சத்திரம் என்பது, வந்த முடிவு ஏதோ தற்செயலாக வந்ததல்ல என்று சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்கும் குறி. மூன்று விழுந்தால் நன்றாக நம்பலாம். ஒன்று விழுந்தால் கொஞ்சம் நம்பலாம். ஒன்றும் விழவில்லையென்றால் வந்தவரின் முகம் தொங்கிப்போகும். "வேற எதையாச்சும் சேத்து இன்னொருக்கா ஓட்டிப் பாருங்க மேடம்" என்பார்கள், ஜோசியரிடம் வேறு முகூர்த்தம் கேட்கிற மாதிரி. எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். நான் கொஞ்சம் முன்கோபக்காரி. ஆனாலும் ஓட்டிக் கொடுப்பேன், வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

இப்படிப்பட்ட என்னிடம் ஒரு நாள் காலை, கொல்லிமலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில் ஒரு பெண் வந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை. மற்றவர்களைப் போல முதலில் பென் டிரைவை நீட்டவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க்கா, உங்க சாஃப்ட்வேரு ஊட்டை எப்புடி எண்ணுமுங்க?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. "எண்றதெல்லாம் அதும்பாட்டுக்கு எண்ணிக்குமுங்க. நீங்க ஃபைலைக் குடுங்க" என்றேன்.

"அதும்பாட்டுக்கு எண்ணுனா, சரியா எண்ணுச்சான்னு உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் சிரிப்பதற்காகக் கேட்ட கேள்வி இல்லை அது. இந்தம்மாவுக்கு வாய் ஜாஸ்திதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவருடைய ஆராய்ச்சி மலைக்காட்டை, அதாவது மலைமேல் இருக்கும் மானாவாரி நிலத்தைப் பற்றியது. சாமையும் தினையும் கேழ்வரகும் போட்டுக்கொண்டிருந்த காடுகளில் இப்போது பெரும்பாலும் மரவள்ளிதான் நிற்கிறது. மரவள்ளியைப் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. சாமையை அறுத்தால் அதற்குப் பிறகுதான் பெண்களுக்கு வேலையே ஆரம்பம். உரலில் போட்டுக் குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடியும் குத்த வேண்டும். மலையில் அரியூர் நாடு என்கிற பகுதியில் சில ஊர்களுக்குச் சாமையின் உமியை நீக்கும் மில் வந்தது. தானியத்தை மில்லுக்குக் கொண்டுபோகும் வீடுகள், காட்டில் சாமையைக் கைவிடாமல் வைத்திருக்கின்றனவா என்பதுதான் அவருடைய கேள்வி.

ஒரு கல்லூரியின் திட்டத்தில், வருஷா வருஷம் அறுப்பு முடிந்ததும் அதே வீடுகளுக்குப் போய் அதே கேள்விகளைக் கேட்டிருந்தார்கள். முதல் வருஷம் கீழிருந்து போன ஆட்கள் கேட்டார்கள். இரண்டாம் வருஷம் இவர் அந்த வேலையில் சேர்ந்தார். எம்.ஏ. படித்தவர், மலைக்காரர், எந்த ஊருக்கு எந்த ஒற்றையடிப் பாதை என்று தெரிந்தவர். கடைசி வருஷம் வரைக்கும் இவரே நடந்து போய்க் கேட்டார். திட்டம் முடிந்த பிறகு அந்தத் தகவலை வைத்தே பகுதிநேர ஆராய்ச்சிக்குப் பதிந்துகொண்டார். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.

நேரம்தான் இல்லை. பதிவுக் காலம் முடிந்து, கெஞ்சி வாங்கிய நீட்டிப்பும் முடியப்போகிறது. அடுத்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. மலைமேல் செம்மேட்டில் ஒரு வாடகை ரூமில் தனியாக இருந்துகொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தான் இதைப் படித்துக்கொண்டிருந்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்க வழியில்லை. "இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் இல்லீங்க்கா" என்றார். அழுகிற மாதிரி சொல்லவில்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

ஒரே வீட்டைப் பல வருஷம் பார்த்த தகவலுக்குத் தனியாக ஒரு கணக்கு முறை இருக்கிறது. ஃபிக்ஸட் எஃபெக்ட் என்பார்கள். வருகிறவர்களுக்கு அதை விளங்கவைப்பதற்குள் எனக்குத் தொண்டைத்தண்ணீர் வற்றிவிடும். இவர் எனக்கே விளக்கினார்.

"பக்கத்து ஊட்டோட ஒப்பிடக் கூடாதுங்க்கா. அவுங்க காடு ஓடையோரம், நம்ம காடு பாறை. அவுங்க ஊட்டுல குத்தறதுக்கு மூணு பொம்பளைங்க, நம்ம ஊட்டுல ஒருத்திதான். இதெல்லாம் வருசத்துக்கு வருசம் மாறாதுங்க. அதனால ஒவ்வொரு ஊட்டையும் அதே ஊட்டோட வேற வருசத்தோட ஒப்பிடோணும். மில்லுக்குப் போவாதப்ப எப்புடி இருந்துச்சு, போவ ஆரம்பிச்சதுக்குப் பொறகு எப்புடி இருந்துச்சு. அவ்வளவுதானுங்களே?"

அவ்வளவுதான். அப்படி ஒப்பிடுவதற்காகச் சாஃப்ட்வேர் ஒவ்வொரு வீட்டையும் ஒரு குழுவாக எடுத்துக்கொள்ளும். எந்தப் பதில் எந்த வீட்டினுடையது என்று அதற்குத் தெரிய ஓர் அடையாள எண் வேண்டும். அதற்கு ரேஷன் கார்டு எண்ணை வைத்திருந்தார்கள். நான் ஃபைலைப் போட்டு ஓட்டினேன்.

மூன்று நட்சத்திரம் விழுந்தது. மில்லுக்குப் போகும் வீடுகளில் சாமைக்காடு நன்றாகவே கூடியிருப்பதாகக் காட்டியது. எனக்கே குஷியாகிவிட்டது. "அடிச்சீங்க பாருங்க அம்மணி! ஏட்டைக் கட்டிக் குடுத்துப்போட்டு ஊர் சுத்தப் போங்க" என்றேன்.

அவர் நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை. திரையில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார். அட்டவணையின் அடியில், யாரும் படிக்காத இடத்தில், எத்தனை குழுக்கள் என்று ஒரு வரி இருக்கும். அங்கே விரல் நின்றது. அறுபத்தொன்று என்று போட்டிருந்தது.

"ஊடு கொறையுதுங்க்கா" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கொறையத்தானுங்க செய்யும். ஏதாச்சும் கேள்விக்குப் பதில் இல்லாத ஊட்டை உட்டுரும். ஒரே ஒரு வருசம் மட்டும் இருக்கற ஊட்டையும் உட்டுரும், ஒப்பிட இன்னொரு வருசம் வேணுமில்லீங்க? எல்லாருக்கும் இப்புடித்தான். நட்சத்திரம் வந்த பொறகு இதைப் போய்ப் பாத்துக்கிட்டு."

"உட்டா அஞ்சு பத்து உடுமுங்க. முக்காவாசி ஊட்டையா உடும்?" என்றவர், அதற்கு மேலே இருந்த வரியைத் தொட்டார். மொத்தப் பதில்கள் எத்தனை என்று சொல்லும் வரி அது. "இங்க பாருங்க. பதிலு ஒண்ணுகூடக் கொறையல. பதிலெல்லாம் அப்படியே இருக்குது, ஊட்டைத்தான் காணோம். அப்படீன்னா யாரும் எங்கயும் போவல. எல்லாரையும் ஒரே ஊட்டுக்குள்ள போட்டு அடைச்சிருக்குது."

அவர் சொன்னது சரி. எந்தக் குழுவில் எத்தனை பதில்கள் என்று சாஃப்ட்வேரை வரிசையாகப் போடச் சொன்னேன். முதல் குழுவிலேயே ஒரு முழு ஊர் இருந்தது. அடுத்ததில் இன்னொரு ஊர். அடையாள எண்ணைத் திறந்து பார்த்தால் விஷயம் தெரிந்துவிட்டது. ரேஷன் கார்டு எண் நீளமானது. திட்டம் முடிந்து, பதில்களைப் பதிந்த டேப்லெட்டுகளைக் கல்லூரிக்காரர்கள் திரும்ப வாங்கிப்போனபோது, யாரோ அந்தத் தகவலை ஒரு ஷீட்டில் கொட்டி இவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். நீளமான எண்ணுக்கு அங்கே இடம் பற்றவில்லை. முன்பக்க இலக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு வால் பக்கம் எல்லாவற்றையும் பூஜ்யமாக்கிவிட்டது. கிட்டத்துக்கிட்டத்து எண்களெல்லாம் ஒரே எண் ஆகிவிட்டன.

"அதெப்புடிங்க ஊரு ஊரா சேந்துக்கும்? கார்டு நம்பர் ஊரைப் பாத்தா போடுவாங்க?" என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தார்.

மலையில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஆபீஸ் காரியம் என்றால் யாரும் தனியாகப் போக மாட்டார்கள். ஊரே சேர்ந்து ஒரு பிக்கப் வண்டி பிடிக்கும். வேலை இருக்கிறவர்களும் ஏறுவார்கள், வேலை இல்லாதவர்களும் துணைக்கு ஏறுவார்கள். ஒரு வீடு வரவில்லையென்றால் வீட்டு வாசலில் போய் ஹாரன் அடித்துக் கூட்டிக்கொண்டுதான் வண்டி நகரும். புதுக் கார்டுக்கு எழுதிக் கொடுத்தபோதும் அப்படித்தான். ஒரே வண்டியில் போய், ஒரே வரிசையில் நின்று, ஒருவர் பின் ஒருவராக எழுதிக் கொடுத்தார்கள். எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்துவிட்டது. ரோட்டை ஒட்டி இருக்கும், அவரவர் பஸ்ஸில் தனித்தனியாகப் போய் வந்த ஊர்களில்தான் வீடுகள் தனித்தனியாகப் பிழைத்திருந்தன.

"வரிசையில ஒண்ணா நின்னதுக்கு எல்லாரையும் ஒரே குடும்பம்னு நெனச்சுக்கிச்சு பாருங்க்கா உங்க சாஃப்ட்வேரு" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. எண்ணின் வால் போனது போனதுதான். டேப்லெட்டில் இருந்த பழைய பதிவையெல்லாம் எப்போதோ அழித்துவிட்டார்களாம். பெயர்களையும் ரகசியம் காக்க வேண்டும் என்று முன்பே எடுத்துவிட்டிருந்தார்கள். எந்த வருஷத்துப் பதில் எந்த வீட்டினுடையது என்று இனி எப்படிப் பிரிப்பது? நான் மெதுவாகச் சொன்னேன், மூன்று நட்சத்திரம் விழுந்திருக்கிறது, இதை அப்படியே கொடுத்தால் ஒரு பிள்ளையும் கண்டுபிடிக்காது என்று.

அவர் கோபப்படவில்லை. "இந்த நட்சத்திரம் என்ன சொல்லுது தெரியுங்களா? ஒரு ஊட்டையும் பக்கத்து ஊட்டையும் ஒப்பிட்டுச் சொல்லுது. சாமை நெறையப் போடற ஊடுதான் மில்லுக்குப் போகும். அது மில்லு செஞ்ச வேலை இல்லீங்களே. மில்லு நல்லதுன்னு எனக்கு ஆசையா இருக்குதுங்க, என் கையப் பாருங்க" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். உலக்கை பிடித்த காய்ப்பு இன்னும் மறையாமல் இருந்தது. "ஆனா ஆசைக்கு ஒரு கணக்குப் போட்டுக் குடுக்க முடியாதுங்க்கா. நான் மலைக்குப் போய்க் கேட்டுப் பிரிச்சுக்கிட்டு வாரேன்."

அடுத்த மாதக் கடைசிக்கு எவ்வளவு நாள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தனி ஆளாகப் போனால் முடியாது. "நானும் வாரேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்திருந்தும் மலை ரோட்டின் எழுபது கொண்டை ஊசி வளைவில் ஏறினால் எனக்குக் குடல் வெளியே வந்துவிடும். பாதி மலையில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, ரோட்டோரம் குனிந்து நின்றபோது, இந்த வேலைக்கு என்னை யார் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தார்கள் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சந்தானுங்க்கா" என்று ஒவ்வொரு வளைவிலும் பொய் சொன்னார்.

நாங்கள் கையில் வைத்திருந்தது ஊர்வாரியாக, வருஷவாரியாக அச்செடுத்த பதில்கள். வீட்டில் எத்தனை பேர், எத்தனை துண்டுக் காடு, ஓடைக்கு எவ்வளவு தூரம், எந்த வருஷம் என்ன போட்டார்கள். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டையும் கேட்டால், எந்தெந்தப் பதில் அவர்களுடையது என்று சேர்த்துவிடலாம். நான் ஒரு யோசனை சொன்னேன். மில் வாசலில் எல்லாப் பெண்களும் வருவார்கள். அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்தால் "அது நாங்க", "இது நாங்க" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள், ஒரே நாளில் ஓர் ஊர் முடிந்துவிடும் என்றேன். நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஊட்டுக்குள்ள வெச்சு எங்கிட்டச் சொன்னதுங்க அது. ஊட்டுக்குள்ள வெச்சுத்தான் திருப்பிக் கேக்கோணும்" என்றார். அதனால் நடந்தோம். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக ஒரு சரிவு இறங்கி இன்னொரு சரிவு ஏற வேண்டும். என் முழங்கால் அவரைச் சபித்தது. நான் அவரை வியந்து பார்த்துக்கொண்டே பின்னால் போனேன்.

அவர் வீட்டுக்குள் போகும் விதமே தனி. வாசலில் நின்று குரல் கொடுப்பார். "ஏனுங்க, ஊட்டுல இருக்கறீங்களா? பழைய கேள்விக்காரி வந்திருக்கறனுங்க." உள்ளே போனதும் பேப்பரை எடுக்க மாட்டார். பயிரைக் கேட்பார், ஆட்டைக் கேட்பார், கட்டிக்கொடுத்த பெண்ணைக் கேட்பார். பிறகுதான் விஷயத்துக்கு வருவார். கேட்கும்போது எந்தப் பதிலையும் அவர்களுக்கு எடுத்துக்கொடுக்க மாட்டார். அவர்களாகச் சொல்லும் வரைக்கும் காத்திருப்பார். நானாக இருந்தால் "அந்த வருசம் மரவள்ளிதானுங்களே?" என்று சொல்லி, ஆமாம் வாங்கிக்கொண்டு எழுந்திருப்பேன்.

ஒரு வீட்டில் புருஷனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். எந்த வருஷம் ஓடைக்காட்டில் தினை போட்டோம் என்பதில் இருவருக்கும் தகராறு. "அது பெரியவ வயித்துல இருந்த வருசம்" என்றார் அந்தம்மா. "இல்லீங்க, மழை ஏமாத்துன வருசம்" என்றார் புருஷன். கடைசியில் இரண்டும் ஒரே வருஷம்தான் என்று தெரிந்தது. அப்போது அந்தம்மா இவரிடம், "அந்த வருசம் நீ வந்து, குத்தறதுக்கு ஊட்டுக்காரர் ஒத்தாசை பண்ணுவாரான்னு கேட்டியே சாமி, நான் ஆமான்னு சொன்னனா?" என்று கேட்டார். ஆமாம் என்றுதான் பதில் இருந்தது. "பொய்யி" என்றார் அந்தம்மா. "பக்கத்துல உக்காந்திருந்தாரு, அதான்." அந்த மனிதர் எழுந்து ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பு ஆட்டுக்கும் கேட்டிருக்கும்.

வீட்டை அடையாளம் காணத் தேவையில்லாத ஒரு கேள்வியையும் அவர் எல்லா வீட்டிலும் கேட்டார். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உரலில் குத்துகிறீர்கள் என்ற கேள்வி. அதைக் கேட்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் தாழும். அது எதற்கு, நேரம் போகிறது என்று நான் முணுமுணுத்தேன். "கேக்கறதுக்குத்தானுங்க வந்தோம்" என்றார்.

ஓர் ஊரில், கடைசியாக ஒரு வீடு பூட்டிக் கிடந்தது. ஓட்டு வீடு. வாசலில் புல் முளைத்திருந்தது, ஓர் உரல் கவிழ்ந்து கிடந்தது. இது எந்த எண்ணில் வருகிறது என்று நான் பேப்பரைப் புரட்டினேன். "அது எனக்குத் தெரியுமுங்க்கா. வாங்க" என்று அவர் நிற்காமல் நடந்தார். வெயில் ஏறிவிட்ட அவசரம் என்று நினைத்து நானும் நடந்துவிட்டேன்.

ஊர் ஊராக முடித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் சின்னதாக ஒரு புது எண் கொடுத்தோம். செம்மேட்டில் அவருடைய ரூமில், ஜன்னல் ஓரத்தில் லேப்டாப்பை வைத்து மறுபடியும் ஓட்டினேன். இந்த முறை நானும் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. நேராக அடி வரிக்குப் போனேன். இருநூற்றுப் பதினொன்று.

அவர் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "வந்துருச்சுங்க்கா! எல்லா ஊடும் வந்துருச்சு!" பிறகுதான் மேலே பார்த்தோம். மில்லினால் கூடிய சாமைக்காடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மூன்று நட்சத்திரத்தில் ஒன்றுதான் மிச்சம். எனக்கு வருத்தமாக இருந்தது. அத்தனை நடை நடந்து, நல்ல முடிவைக் குறைத்துக்கொண்டு வந்திருக்கிறோம். அவருக்கு ஒரு துளி வருத்தம் இல்லை. "கொஞ்சந்தான் பண்ணுச்சு மில்லு. ஆனா நெசமாப் பண்ணுச்சு" என்று, அந்த ஒற்றை நட்சத்திரத்தைத் திரையிலேயே தொட்டுப் பார்த்தார். அந்த நிமிஷம் எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. நான் அந்த மாதிரி ஆள் இல்லை என்பதால் டீ போடப் போனேன்.

டீயோடு திரும்பி வந்து, "ஒரு ஊடு இன்னும் கொறையுதே" என்றேன். இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்று. பார்த்தால், முதல் வருஷம் மட்டும் பதில் சொன்ன வீடு ஒன்று இருந்தது. ஒப்பிட வேறு வருஷம் இல்லாததால் சாஃப்ட்வேர் அதை விட்டிருந்தது. அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. வேறொரு கட்டளையில் ஓட்டினால், அந்த வீட்டையும் சேர்த்து எண்ணி இருநூற்றுப் பன்னிரண்டு என்றே காட்டும். முடிவு இம்மியும் மாறாது. கேட்கிறவர்கள் வாயை அடைக்கலாம். அப்படி ஓட்டட்டுமா என்று கேட்டேன்.

"அந்த ஊடு கணக்குல ஏதாச்சும் வேலை செய்யுதுங்களா?"

"இல்லீங்க. தலைய மட்டும் எண்ணும்."

அவர் டீயை ஊதினார். "அப்ப வேண்டாமுங்க. வேலை செஞ்ச ஊடு எத்தனையோ அத்தனையே போடுங்க. பாத்த ஊடு இத்தனைன்னு முன்னாடி எழுதிக்கறேன். வித்தியாசம் தெரியட்டும்" என்றார். அது எந்த வீடு என்று கேட்டேன். "உடுங்க்கா" என்றுவிட்டார். ஆய்வேடு மாதக் கடைசிக்கு முன்பே போய்ச் சேர்ந்தது.

வாய்மொழித் தேர்வு பல மாதம் கழித்து நடந்தது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்பதால் நானும் போனேன். என்னிடம் கணக்குப் போட்டுக்கொண்டு போனவர்களில் ஒருவருடைய தேர்வுக்கும் நான் அதற்கு முன் போனதில்லை. அவர் மேடையில், அதே மாதிரி ஒரு பருத்திச் சேலையில் நின்றார். அன்றைக்கு அவருடைய பட்டம் போகலாம், வரலாம்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார். நட்சத்திரம் ஏன் ஒன்றே ஒன்று என்று கேட்பார் என நினைத்தேன். அவர் விரல் அட்டவணையின் அடிக்குப் போனது. இவரைப் போல இன்னொரு ஆளும் உலகத்தில் இருக்கிறார் போலிருக்கிறது.

"முன்னாடி இருநூத்திப் பன்னெண்டு வீடுன்னு எழுதியிருக்கீங்க. இங்க இருநூத்திப் பதினொண்ணு. ஒரு வீடு குறையுதேம்மா?"

"ஒரே ஒரு வருசம் மட்டும் பதில் சொன்ன வீடுங்க சார். தன்னோட தன்னை ஒப்பிட இன்னொரு வருசம் அதுக்கு இல்லீங்க. அதனால கணக்குல வேலை செய்யாது."

"சரி. அடுத்த வருஷம் என்ன ஆச்சு? ஊரை விட்டுப் போயிட்டாங்களா?"

எதற்கும் வாய் ஓயாதவர் அன்றைக்குத் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். போச்சு, இந்த ஒரு வீட்டில் மாட்டிக்கொண்டார், அன்றைக்கே சேர்த்து எண்ணியிருக்கலாம் என்று எனக்குப் பதறியது.

"அது என்னோட ஊடுங்க சார்" என்றார். "மொத வருசம் வந்தவுங்க, ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஒரல்ல குத்தறீங்கன்னு கேட்டாங்க. கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அந்த மாதிரி ஒண்ணு என்னை யாரும் கேட்டதில்லீங்க. பதில் சொல்லீட்டேன். பொறகு எனக்கு அங்க இருக்க முடியல. நானும் கேக்கப் போறேன்னு கெளம்பி வந்துட்டனுங்க. ஊட்டுக்காரரும் ஊட்டைப் பூட்டிப்போட்டு வேலைக்கு வெளியூர் போயிட்டாருங்க. அடுத்த வருசம் அந்த ஊட்டுல பதில் சொல்ல ஆளில்லை."

பூட்டிக் கிடந்த ஓட்டு வீடும் கவிழ்ந்து கிடந்த உரலும் அப்போதுதான் எனக்கு வந்து சேர்ந்தன. ஒப்பிட இன்னொரு வருஷம் இல்லை என்று சாஃப்ட்வேர் தள்ளிவிட்ட வீடு. அந்த இன்னொரு வருஷம் மேடையில், தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது.

தேர்வாளர் கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். நான் கை தட்டினேன். முடிவு சொல்வதற்கு முன்னால் தட்டக்கூடாதாம், பக்கத்தில் இருந்த பேராசிரியர் என்னை முறைத்தார். முறைக்கட்டும் என்று இன்னும் பலமாகத் தட்டினேன்.